வெளிச்சத்தைக் குறைத்தால் தெரியும் நூல்

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துப் பிள்ளைகளே, எனக்குப் பிரியாவிடை வைத்த அன்று என்னைப் பேசச் சொன்னீர்கள். நான் எழுந்து, எல்லோருக்கும் நன்றி சொல்லி, கேக் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, உட்கார்ந்துவிட்டேன். இருபத்தெட்டு வருடம் ஆய்வுகூடத்தில் குனிந்திருந்தவளுக்குச் சொல்ல அவ்வளவுதான் இருந்ததா என்று உங்களில் யாரோ சிரித்தது கேட்டது. சிரித்தது நியாயம். சொல்ல ஒன்று இருந்தது. ஆனால் அது நின்றுகொண்டு சொல்கிற விஷயம் இல்லை, குனிந்து பார்க்கிற விஷயம்.

ஐம்பத்துமூன்றில் ஏன் போகிறீர்கள் என்று கேட்டீர்கள். கண் களைத்துவிட்டது என்றேன். அது பாதி உண்மை. எனக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. மற்ற பாதி அதுதான். அப்படிப்பட்டவள் இத்தனை வருடம் ஒரே நாற்காலியில் இருந்தேன் என்றால், அது ஒரு நூலுக்காக. அந்த நூலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலம். மழை இறுக்கிப் பிடித்தால் நம் பக்கம் மின்சாரம் மெலிந்துவிடும், தெரியும்தானே. அன்று மைக்ரோஸ்கோப்பின் விளக்கு எண்ணெய் தீர்ந்த திரி மாதிரி மங்கியது. நான் ஒரு சிறுநீர் மாதிரியைச் சுழற்றி, அடியில் தங்கியதைக் கண்ணாடித் துண்டில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தெரிந்த வெளிச்ச வட்டத்தில் ஒன்றுமில்லை. எரிச்சலோடு கண்ணை எடுக்கப் போனேன். எடுக்கவில்லை.

இருள் ஏறிய அந்த வட்டத்தில் ஒரு விரல் மிதந்தது. கண்ணாடியால் செய்த விரல். ஓரம் மட்டும் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. மின்சாரம் திரும்பி விளக்கு பளீரென்றது, விரல் போய்விட்டது. நானே வெளிச்சத்தைக் குறைத்தேன், வந்தது. கூட்டினேன், போனது. குறைத்தேன், வந்தது. மத்தியானச் சாப்பாடு டிபன் பெட்டியிலேயே ஆறிப்போனது.

அதன் பெயரைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருந்தேன். ஹயலைன் காஸ்ட், கண்ணாடி வார்ப்பு. பெயர் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நம் சிறுநீரகத்தில் தலைமயிரைவிட மெலிந்த குழாய்கள் இருக்கின்றன. அவை ஓரிடத்தில் இறங்கி, வளைந்து, மறுபடி ஏறுகின்றன, பொகவந்தலாவை மலைப்பாதை மாதிரி. அந்த ஏற்றத்தில் சுவராக நிற்கும் உயிரணுக்கள் ஒரு புரதத்தைச் செய்கின்றன. யூரோமொடுலின் என்று பெயர். யாரும் கேட்காமல், ஓய்வில்லாமல் செய்து குழாய்க்குள் விடுகின்றன. அங்கே அது நூலாகிறது, நூல் வலையாகிறது. கீழிருந்து ஏறிவரும் கிருமி அந்த வலையில் சிக்கி வெளியே போகிறது. உப்பு திரண்டு கல்லாகாமல் அது காக்கிறது. உடம்பில் தண்ணீர் வற்றினால், உடம்பு கடுமையாக உழைத்தால், அந்த நூல்கள் ஒட்டிக் குழாயின் உருவத்திலேயே உறைந்து வெளியே வருகின்றன. நான் பார்த்த விரல் அதுதான். ஒரு மனுசியின் உள்ளே, அவளே ஒருநாளும் காண முடியாத ஒரு வளைவின் வார்ப்பு.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் சோதனைப் பட்டி பச்சையாகி நமக்குக் காட்டுகிற புரதம் பெரும்பாலும் வேறு. அது இரத்தத்திலிருந்து கசிவது. இது உயிரணுவே நூற்றுத் தருவது. சர்க்கரை நோய் வருடக்கணக்கில் ஓடும்போது வடிகட்டி மட்டும் கிழிவதில்லை, நூற்கிற உயிரணுக்களும் நொந்துபோகின்றன. நூல் குறைகிறது. காவல் குறைந்த குழாய் இன்னும் நோகிறது. எது எதை இழுத்துக்கொண்டு போகிறது என்று ஆராய்கிறவர்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நான் ஆராய்ச்சிக்காரி இல்லை. பார்த்தவள் மட்டும்.

இனி சேவியரும் ஸ்டெல்லாவும்.

சேவியர் றொசல்ல ஸ்டேஷன் வாசலில் த்ரீவீல் ஓட்டியவர். நாற்பது தாண்டியதும் சிறுநீரகம் இரண்டும் சர்க்கரைக்குப் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் நம் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் இரத்தம் கழுவிக்கொள்வார். கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைப்பது மாதத்துக்கு மாதம் கஷ்டமாகிக்கொண்டிருந்தது. இருந்தும் வாய் ஓயாது. "மிஸ், என் ரத்தத்த கழுவி காயப்போட்டாச்சு, இஸ்திரி போட்டுக் குடுங்க" என்று ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்.

அவருக்கு வந்த சொற்பச் சிறுநீரை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். மெழுகு மாதிரி மஞ்சளித்த, அகலமான, ஓரம் வெடித்த வார்ப்புகள். பாழடைந்த குழாய்களின் உருவங்கள். வெளிச்சத்தை எவ்வளவு குறைத்தாலும் அந்தக் கண்ணாடி விரல் ஒன்றுகூட வரவில்லை. அது இல்லாததை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது, நல்ல சுகமான ஆளிடமும் இல்லாமலிருக்கும். நான் எழுதவில்லை. ஆனால் தேடாமலும் இருந்ததில்லை.

சிறுநீரகம் தர முன்வந்தது தங்கை ஸ்டெல்லா. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். வேறு யாரும் பொருந்தவில்லை. இங்கே முதல் சோதனைகள் சுத்தமாக இருந்தால்தான் வைத்தியர் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார். அடுத்த வாரம் அங்கே ஒரு தேதியும் கிடைத்திருந்தது.

அன்று இருவரும் சேர்ந்தே ஜன்னலுக்கு வந்தார்கள்.

"இவளப் போயி சோதிக்கிறீங்களே மிஸ். அரைக்கூடை கொழுந்துக்கே மூச்சு வாங்குறவ."

"நீ சும்மா இருண்ணே. குடுக்கிறவ நானு. வாங்கிறவுங்க வாய மூடிக்கிட்டு வாங்கணும்."

போத்தலை என் கையில் வைத்தார். உள்ளே இருந்தது கடும் சாயத் தேநீர் நிறத்தில் இருந்தது. அந்த நிறமே என்னைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். அன்று என் மேசையில் அறுபது போத்தல்கள். பட்டியை நனைத்தேன், மஞ்சள் போய்ப் பச்சை வந்தது. புரதம், இரண்டு பிளஸ். மைக்ரோஸ்கோப்பில் வெளிச்சத்தைக் குறைத்தேன், வட்டம் முழுக்கக் கண்ணாடி விரல்கள். ஒன்றின் மேல் ஒன்று. அத்தனையை ஒரே வட்டத்தில் நான் கண்டதில்லை. இரத்தத்தில், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவாக இருந்தது. ஒரு காகிதத்தில் நோய், ஒரு காகிதத்தில் சுகம். அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கண்டதை எழுதி, கையொப்பமிட்டு அனுப்பினேன். எழுத்தில் ஒரு பிழையும் இல்லை.

அரைமணி நேரத்தில் ஸ்டெல்லா தனியாக ஜன்னலுக்கு வந்தார். வைத்தியர் சிங்களவர். தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லியிருக்கிறார்: "தங்கச்சி குடுக்க ஏலாது. தங்கச்சிக்கும் புரோட்டீன் போகுது."

"மிஸ், எனக்கும் வந்துருச்சா?"

அறிக்கையைப் பற்றி நோயாளியோடு பேசக் கூடாது, வைத்தியரிடம் கேளுங்கள் என்று அனுப்பிவிட வேண்டும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் உதட்டைப் பார்த்தேன். வெடித்து, வெள்ளை படிந்து, காய்ந்திருந்தது.

"கடைசியா எப்ப தண்ணி குடிச்சீங்க?"

"நேத்து அந்திக்கு, செபத்துக்கு முன்ன."

"ஏன்?"

"வெறும் வயித்தோட வரச் சொன்னீங்களே. அதான் பெரிய வெள்ளிக்கு இருக்கிற மாதிரி ஒருசந்தி இருந்துட்டேன். எச்சிகூட முழுங்கல மிஸ். அண்ணனுக்காகத்தானே."

சீனி சோதனைக்குச் சாப்பிடாமல் வரச் சொன்னது நாங்கள்தான். தண்ணீர் குடிக்கலாம் என்று சொல்லாததும் நாங்கள்தான். அவர் அந்த மௌனத்தை நேர்ச்சையாக்கி, முழு விரதமாக இருந்திருக்கிறார்.

"காலைல வீட்டிலேர்ந்து நேரா வந்தீங்களா?"

"காலைப் பெரட்டுல போயி நின்னுட்டுத்தான். போகாட்டி கண்டாக்கையா அன்னைக்குக் கூலிக்குப் பேரு போடமாட்டாருங்களே. ஒம்பதரை வரைக்கும் மேமலையில கொழுந்து எடுத்தேன். கூடையோட எறங்கி, நிறுத்துக் குடுத்துட்டு, ரோட்டுக்கு ஓடியே வந்தேன். அந்த பஸ்ஸ விட்டா வேற இல்ல."

"மலையில இருக்கையில ஒண்ணுக்குப் போனீங்களா?"

ஸ்டெல்லா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அழ வந்தவர் சிரித்துவிட்டார்.

"மிஸ்ஸு லயத்துல பொறந்தவுங்கன்னு சொன்னாங்க. மலையில எங்க மிஸ் போறது?"

பிள்ளைகளே, என்னை இருபத்தெட்டு வருடத்தில் மேலதிகாரிகள் ஏசியிருக்கிறார்கள், வைத்தியர்கள் ஏசியிருக்கிறார்கள். இந்த ஒரு கேள்வி மாதிரி எதுவும் என்னைச் சுட்டதில்லை. என் அம்மா பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் கொண்டுபோவார், மாலையில் அதே அளவு திரும்பி வரும். கேட்டால் தாகமில்லை என்பார். சரிவில் ஆண்கள் எங்கும் நிற்பார்கள். பெண்கள் எங்கே ஒதுங்குவது? அதனால் குடிப்பதில்லை. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஒரு பெண்ணும் குடித்ததில்லை. இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இதற்குள் பிறந்தவள் நான். வெள்ளைக் கோட்டு போட்டபின் அந்த அறிவைக் கழற்றி வைத்துவிட்டேன்.

ஓர் இரவும் அரைப் பகலும் சொட்டுத் தண்ணீர் இல்லாமல், செங்குத்து மலையில் கூடையோடு ஏறி இறங்கி, பஸ்ஸுக்கு ஓடிவந்த உடம்பு அது. புரதம் கொஞ்சம் கசியத்தான் செய்யும், ஓய்ந்தால் நிற்கும். விரல்கள் கூட்டமாக வரத்தான் செய்யும். நான் நோயென்று எழுதி அனுப்பியது, ஒருவேளை, களைத்தும் காவலை விடாத உயிரணுக்களின் வேலையாக இருக்கலாம்.

ஒருவேளை. இந்தச் சொல்லில் நில்லுங்கள். மறுபக்கமும் உண்டு. சர்க்கரை ஓடுகிற குடும்பம். உண்மையிலேயே ஸ்டெல்லாவின் சிறுநீரகத்தில் நோய் தொடங்கியிருந்து, நான் இரக்கப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டால், இருப்பதில் ஒன்றைக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் மீதி ஒன்றோடு அழிவார். நம்பிக்கை கொடுக்கிற அவசரமும் ஆபத்துதான்.

என்னோடு வேலை செய்தவர் காதருகே சொன்னார்: "பாத்தது பாத்ததுதான். மாத்தி எழுதிறாதீங்க."

"மாத்தமாட்டேன். அது சரியான அறிக்கை. தப்பான காலையில எடுத்தது."

ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியரின் அறைக்கு வெளியே நாற்பது பேர். உள்ளே அவர் கண்டிக்கு அனுப்ப வேண்டிய கோப்பில், தேதியை வேறொருவருக்குக் கொடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். சேவியரும் உள்ளே சுவரோடு சாய்ந்து நின்றார். என்னைக் கண்டதும், "விடுங்க மிஸ், நல்லதாப் போச்சு. அவளோடது அவகிட்டயே இருக்கட்டும்" என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

வைத்தியர் பேனாவை நிறுத்தாமல் கேட்டார், "ரிப்போர்ட் எக வெரதித?" அறிக்கை தவறா என்று.

"வெரதி நே, டொக்டர்." தவறில்லை என்றேன். "நான் கேக்காம விட்டதுதான் தவறு." ஒருசந்தியைச் சொன்னேன். மலையைச் சொன்னேன். பெண்கள் தண்ணீர் குடிக்காத காரணத்தைச் சொல்லும்போது என் சிங்களம் தடுமாறியது. வெட்கம் எந்த மொழியிலும் தடுமாறும். மூன்று நாள் ஓய்வு, நிறையத் தண்ணீர், விடிந்து எழுந்ததும் எடுத்த மாதிரி, பிறகு இன்னும் இரண்டு தடவை, அதிலும் புரதம் வந்தால் நானே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன் என்றேன்.

பேனா நின்றது. அவர் ஸ்டெல்லாவின் விரல்களைப் பார்த்தார். கொழுந்துக் கறை ஏறிய கறுத்த நுனிகள். கடிதத்தை இரண்டாக மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார்.

"ஆயெத் பலமு," என்றார். மறுபடி பார்ப்போம்.

"மூணு நாள் மலைக்குப் போகாட்டி கங்காணி லயத்துக்கே வந்து ஏசுவாரே மிஸ்" என்றார் ஸ்டெல்லா.

சேவியர் சுவரை விட்டுத் திரும்பினார். "வந்தா நான் பாத்துக்கிறேன். நீ மாடு மாதிரி தண்ணி குடி. போ."

நான்காம் நாள் முதல் பஸ்ஸில் போத்தல் வந்தது. உள்ளே இளம் வைக்கோல் நிறம். பட்டியை நனைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரியும். பட்டி மஞ்சளாகவே இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்துத் தேடினேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வட்டத்தின் ஓரத்தில் ஒன்றே ஒன்று, நீட்டிப் படுத்திருந்தது. தெளிந்த நீரில் ஒரு மூச்சு. இரண்டாம் தடவையும் மஞ்சள். மூன்றாம் தடவையும் மஞ்சள். கடிதம் லாச்சியிலேயே கிடந்தது. கோப்பு கண்டிக்குப் போனது.

அங்கே இன்னும் பல சோதனைகள், பல மாதங்கள், கடைசியில் அறுவைச் சிகிச்சை. அதை எல்லாம் நான் விவரிக்கப்போவதில்லை. அது வேறு ஆட்களின் வேலை, அவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஸ்டெல்லா மலைக்குத் திரும்பவில்லை. இப்போது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லாப் பிள்ளைகளுக்கும் தண்ணீர் கொடுத்து, தானும் குடிப்பாராம்.

அன்றிலிருந்து நான் ஒவ்வொரு படிவத்தின் ஓரத்திலும் பென்சிலால் எழுதத் தொடங்கினேன். மலையிலிருந்து வந்தவர். தண்ணீர் குடிக்கவில்லை. காய்ச்சல். நடந்தே வந்தார். நீங்கள் வேலைக்கு வந்த புதிதில் அந்தக் கிறுக்கல்களைப் பார்த்துக் குழம்பினீர்களே, காரணம் இதுதான். அந்த நாள் காலையில் ஒருவர் என்ன செய்துவிட்டு வந்தார் என்று எழுத நம் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத இடத்தில்தான் பல சமயம் நோயாளி இருக்கிறார்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மத்தியானம் சேவியர் வந்தார். முகக்கவசம், கொஞ்சம் பூசிய உடம்பு, அதே வாய்.

"மிஸ், இது அவளோட சரக்கு. எப்புடி வேல செய்யிறான்னு பாத்துச் சொல்லுங்க. சோம்பேறி, ஒழுங்கா பேரு போடுறாளான்னு."

பட்டி மஞ்சள். சுழற்றி, கண்ணாடித் துண்டில் விட்டு, குனிந்தேன். பழைய பழக்கத்தில் கை தானாக வெளிச்சத்தைக் குறைத்தது.

அங்கே இருந்தது.

ஓரம் மட்டும் உள்ள, உள்ளே ஒன்றுமில்லாத, கண்ணாடி விரல். சேவியரின் சிறுநீரில் நான் ஒருநாளும் காணாதது. சேவியரின் உயிரணுக்கள் எப்போதோ மறந்துபோனது. பொகவந்தலாவைச் சரிவில் வளர்ந்த ஓர் உடம்பிலிருந்து வந்த உயிரணுக்கள், தாங்கள் இடம் மாறியதைக்கூடப் பொருட்படுத்தாமல், அண்ணனுடைய வயிற்றுக்குள் உட்கார்ந்து நூற்றுக்கொண்டிருந்தன. யாரும் கேட்காமல். ஓய்வில்லாமல்.

அதை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது என்று நான்தான் உங்களுக்குச் சொன்னேன். முடிவுசெய்யவில்லை. படிவத்தில் 'ஹயலைன் காஸ்ட், ஒன்று' என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விதிக்கு வெளியே ஒன்று செய்தேன். வைத்தியர்கள் சாப்பிடப் போன நேரம், அறையில் வேறு யாருமில்லை. சேவியரை உள்ளே கூப்பிட்டேன். நீங்கள் இப்படிச் செய்யாதீர்கள் என்று எழுத வேண்டும். எழுதமாட்டேன்.

அவர் குனிந்தார்.

"ஒண்ணுமே இல்லீங்களே மிஸ்."

வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.

"இன்னும் இல்ல... ஆ. இருங்க. இருங்க." கண்ணை எடுக்காமலே கேட்டார்: "இது அவ செஞ்சதா?"

"அவங்களோட உயிரணு செஞ்சது. காவலுக்கு."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

சொல்ல வேண்டிய மற்றதையும் அப்போதே சொன்னேன். அந்த அறையில் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இரண்டாவது தடவையும் தவறியிருப்பேன். உங்கள் சிறுநீரகத்தை எது அழித்ததோ, அதே சீனிதான் இப்போது இந்த உயிரணுக்களைக் கழுவிக்கொண்டு ஓடுகிறது, கூடினால் இவையும் நோகும், இந்த நூலும் நிற்கும் என்றேன். ஸ்டேஷன் வாசலில் இன்னமும் உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டே பிளேன்டீ குடிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தங்கை போனில் சொல்லி அழுதிருந்தார்.

"என் சீனி போயி அவள சுடுமா?"

"சுடும்."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. வலது கையை மட்டும் பார்த்தேன். மேசை விளிம்பைப் பிடித்திருந்த உள்ளங்கையை மெதுவாக எடுத்து, சட்டையில் ஒரு தடவை துடைத்துக்கொண்டார். வெளியே ஜன்னலில் யாரோ தட்டினார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"லைட்ட இன்னுங் கொஞ்சம் கொறைங்க மிஸ்," என்றார் சேவியர். "அவள நல்லாப் பாக்கணும்."